கடைத்தேங்காயும் வழிப்பிள்ளையாரும்

கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்தானாம் ஒருவன். காய் கடைக்காரனுடையது, புண்ணியம் மட்டும் உடைத்தவனுக்கு. கூட்டணி ஆட்சிகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் இந்தப் பழமொழிதான் என் நெஞ்சில் வந்து நிற்கிறது.

கூட்டணி என்றாலே நம்மில் பலர் முகம் சுளிக்கிறோம். ஆண்டிகள் கூடி மடம் கட்டிய கதை என்கிறோம். விடுதி அறைகளிலும் தேநீர்க் கடைகளிலும் நடக்கும் விவாதங்களில், ஒரே கட்சி, ஒரே தலைமை, உறுதியான ஆட்சி என்று பேசுவோர் கைதான் ஓங்கி நிற்கிறது. கூட்டணியே ஜனநாயகத்தின் உயிர்நாடி என்று மேடை அதிர முழங்குவோரும் இல்லாமலில்லை. இரு சாராருமே ஒரு கேள்வியைக் கேட்க மறந்துவிடுகின்றனர் என்பது என் கருத்து. ஆட்சியில் அமர்ந்த தலைவர், தம்மைத் தாங்கி நிற்கும் தோழமைக் கட்சிக்கு எதை எடுத்துக் கொடுத்தார்? அது அவருடைய பொருளா, அடுத்தவர் பொருளா? கூட்டணியின் யோக்கியதையை இதை வைத்துத்தான் அளக்க வேண்டும்.

இருபது வயதை ஒட்டி நிற்கும் நம்மில் எவரும் பிறப்பதற்கு முன் நடந்த ஒரு வரலாற்றை எடுத்துக்கொள்கிறேன். நம் பேராசிரியப் பெருமக்களுக்கு அது நேற்று நடந்ததுபோல் நினைவிருக்கும்.

1998-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நடந்த மக்களவைத் தேர்தலில் பாரதீய ஜனதா கட்சிக்குக் கிடைத்தவை 182 இடங்கள். ஆட்சிக்கு வேண்டியவை 272. அக்கட்சியின் தலைவர் அடல் பிகாரி வாஜ்பாய், தோழர் இல்லாத ஆட்சி எப்படியிருக்கும் என்பதை 1996 மே மாதத்திலேயே அனுபவித்து அறிந்தவர். அன்று துணைக்கு வர ஆளில்லாமல், பதின்மூன்று நாட்களில் பதவி விலகினார். ஆகவே 1998-இல் அவர் துணை தேடிக்கொண்டுதான் களத்தில் இறங்கினார். சமதாக் கட்சி 12, பிஜு ஜனதா தளம் 9, அகாலி தளம் 8, திரிணாமுல் காங்கிரஸ் 7, சிவசேனை 6 என்று சிறுசிறு செங்கற்களாகச் சேர்ந்தன. தெலுங்கு தேசம் 12 உறுப்பினர்களோடு வெளியில் நின்று கைகொடுத்தது. எல்லாவற்றினும் பெரிய கல், தமிழ்நாட்டிலிருந்து போனது. இங்குள்ள 39 இடங்களில் 30 இடங்களை அ.தி.மு.க. அணி வென்றிருந்தது, அவற்றில் அ.தி.மு.க.வுக்கு மட்டும் 18.

கல் பெரியதாக இருந்தால் மூலைக்கும் ஆகும். காலில் விழவும் செய்யும். முதல் நாளிலேயே அது தெரிந்துவிட்டது. ஆதரவுக் கடிதம் இல்லாமல் அழைக்க முடியாது என்றார் குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன். மற்றவர் கடிதமெல்லாம் வந்து சேர, சென்னைக் கடிதம் மட்டும் வரவில்லை. நாடு முழுவதும் போயஸ் தோட்டத்து வாசலைப் பார்த்துக் காத்திருந்தது. கடிதம் ஒருவழியாகப் போய்ச் சேர்ந்து, மார்ச் 19-இல் வாஜ்பாய் பதவியேற்றார். மார்ச் 28-இல் 274-க்கு 261 என்ற கணக்கில் மக்களவையின் நம்பிக்கையையும் பெற்றார். தெலுங்கு தேசத்துக்குச் சபாநாயகர் நாற்காலி போயிற்று. பாலயோகி அதில் அமர்ந்தார்.

இவ்வளவும் முறையானதே. இதில் முகம் சுளிக்க ஒன்றுமில்லை. இன்னும் சொன்னால், தோழர்களுக்காக வாஜ்பாய் அன்று கொடுத்தவற்றுள் மிகப் பெரியது மந்திரிப் பதவி அன்று. அயோத்தியில் இராமர் கோயில், காஷ்மீருக்குத் தனித்தகுதி தந்த 370-ஆவது விதியை நீக்குதல், பொதுச் சிவில் சட்டம் என்ற மூன்றும் அவர் கட்சி காலங்காலமாகச் சொல்லிவந்த கொள்கைகள். கூட்டணியினர் சேர்ந்து வெளியிட்ட தேசிய ஆட்சித் திட்டத்தில் அம்மூன்றும் இடம்பெறவில்லை. அக்கொள்கைகளை நாம் ஏற்கலாம், எதிர்க்கலாம், அது வேறு. அவை அவர் வீட்டுத் தேங்காய்கள். சொந்தக் காயை எடுத்து உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வந்தார். கூட்டணி தர்மம் என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

சங்கடம் அடுத்துத் தொடங்கிற்று. அ.தி.மு.க. பொதுச்செயலாளர் ஜெயலலிதா அம்மையார் வைத்த கோரிக்கைகளில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பை நடைமுறைப்படுத்துவது இருந்தது. 69 விழுக்காட்டு இட ஒதுக்கீட்டுக்குப் பாதுகாப்புக் கேட்பதும் இருந்தது. இவற்றைச் சற்று நின்று கவனிக்க வேண்டுகிறேன். அந்த 69 விழுக்காட்டுச் சட்டம் 1993-இல் அ.தி.மு.க. ஆட்சியில் இயற்றப்பட்டு, 1994-இல் 76-ஆவது திருத்தத்தின் வாயிலாக அரசியல் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணையில் ஏறியது. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி மிதித்த என்னைப் போன்றவர்களுக்கு இது ஏதோ டில்லிச் செய்தி அன்று. நாம் இந்த வகுப்பறையில் உட்கார்ந்திருப்பதன் கணக்கு அது. பதினெட்டு உறுப்பினர்களை வைத்துக்கொண்டு ஒரு மாநிலக் கட்சி இதைக் கேட்காமல் வேறு எதைக் கேட்பது? கேட்காமல் இருந்திருந்தால்தான் குற்றம்.

ஆனால் இவையெல்லாம் பின்னுக்குப் போயின. நாளுக்கு நாள் முன்னுக்கு வந்து நின்றது ஒரே கோரிக்கைதான். தமிழ்நாட்டில் நடந்துகொண்டிருந்த தி.மு.க. அரசைக் கலைக்க வேண்டும்!

1996-இல் 173 சட்டமன்ற இடங்களை வென்று அமைந்த அரசு அது. அவ்வரசு நல்லதா கெட்டதா என்பது இங்கே கேள்வியன்று. அது யாருடையது என்பதே கேள்வி. டில்லியில் ஒரு பிரதமர் தம் நாற்காலியின் கால் ஆடாமல் இருக்க, இங்கே கோடிக்கணக்கானவர்கள் வரிசையில் நின்று போட்ட வாக்கை எடுத்து உடைப்பதென்றால், அது கடைத்தேங்காய் இல்லாமல் வேறென்ன?

உடனே ஒரு கட்சியின் மேல் பழி சுமத்துகிறேன் என்று எவரும் எண்ண வேண்டாம். இந்தத் தேங்காய் பல கைகள் பட்டது. 1976 ஜனவரி 31-இல் நெருக்கடி நிலையின்போது தி.மு.க. அரசு கலைக்கப்பட்டது. 1977-இல் ஜனதா அரசு, காங்கிரஸ் ஆண்ட ஒன்பது மாநிலங்களைக் கலைத்தது. 1980-இல் இந்திரா காந்தி அம்மையார் திரும்பி வந்ததும் அதே ஒன்பது என்ற கணக்கைத் திருப்பிக் கொடுத்தார். அந்த ஒன்பதில் எம்.ஜி.ஆரின் அ.தி.மு.க. அரசும் ஒன்று. அப்போது காங்கிரசின் தோழமைக் கட்சி தி.மு.க. ஜனவரியில் 39-இல் 37 இடங்களை அந்த அணிக்கு அள்ளிக் கொடுத்த இதே தமிழ் மக்கள், அவ்வாண்டு கோடையில் நடந்த சட்டமன்றத் தேர்தலில் எம்.ஜி.ஆரையே மீண்டும் கோட்டைக்கு அனுப்பினார்கள். தம் பொருளைத் தாமே மீட்டுக்கொண்டார்கள். 1977-லும் 1980-லும் டில்லியில் இருந்தவை பெரும்பான்மை பலமுள்ள அரசுகள். 'உறுதியான ஆட்சி' வேண்டும் என்று தவம் கிடக்கும் நண்பர்கள் இந்த ஆண்டுகளை ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும்.

கூட்டணிக்கும் இந்தத் தேங்காய்க்கும் உள்ள உறவு முழுமையாகத் தெரிவது 1991-இல்தான். 1990 நவம்பர் 10-இல் சந்திரசேகர் பிரதமரானார். அவருக்கென்று இருந்த உறுப்பினர்கள் ஏறத்தாழ அறுபது பேர். வெளியிலிருந்து அவரைத் தாங்கிய காங்கிரசுக்கு 1989 தேர்தலில் கிடைத்தவை 197. கன்றுக்குட்டியின் முதுகில் யானை சவாரி செய்த கதை! அந்தக் காங்கிரசின் தோழமைக் கட்சியாக அ.தி.மு.க. 11 இடங்களோடு இருந்தது. இரு கட்சிகளும் கேட்டது ஒன்றே: தமிழ்நாட்டின் தி.மு.க. அரசைக் கலையுங்கள். சொல்லப்பட்ட காரணம், விடுதலைப் புலிகளின் நடமாட்டத்தால் சட்டம் ஒழுங்கு கெட்டுவிட்டது என்பது. 1990 ஜூனில் பத்மநாபாவும் உடனிருந்தவர்களும் சென்னையில் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்கள். ஆகவே அந்தக் காரணம் முழுக்க வெறும் கட்டுக்கதை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் மாநிலத்தில் அரசியல் சட்டப்படி ஆட்சி நடக்கவில்லை என்று அறிக்கை தர வேண்டிய ஆளுநர் சுர்ஜித் சிங் பர்னாலா, அப்படியோர் அறிக்கை தர மறுத்துவிட்டார். 356-ஆவது விதியில், ஆளுநரின் அறிக்கை வழியாகவோ 'வேறு வகையிலோ' என்று ஒரு சொல் இருக்கிறது. அந்தச் சொல்லின் சந்துக்குள் புகுந்து, 1991 ஜனவரி 30-இல் அரசைக் கலைத்தார்கள். பர்னாலாவைப் பீகாருக்கு மாற்றினார்கள். அவர் அங்கே போகாமல் பதவியை உதறினார். அந்த மனிதரைப் பற்றி நம் பாடப் புத்தகம் எதிலும் நான் படித்ததில்லை.

சரி, உடைத்த காய்க்குச் சந்திரசேகருக்குக் கிடைத்த புண்ணியம் என்ன? முப்பத்தைந்து நாட்கள். ராஜீவ் காந்தியின் வீட்டு வாசலில் அரியானாப் போலீஸ்காரர்கள் இருவர் நின்று வேவு பார்த்தார்கள் என்று காங்கிரஸ் கோபித்துக்கொண்டது. மார்ச் 6-இல் சந்திரசேகர் பதவி விலகினார். கேட்டதைக் கொடுத்தால் நாற்காலி நிலைக்கும் என்ற கணக்கு அங்கேயே பொய்த்தது. கொடுக்கக் கூடாததைக் கொடுத்தவரிடம் அடுத்து எதைக் கேட்டாலும் கொடுப்பார் என்பதுதானே கேட்பவர் கணக்கு!

இனி மீண்டும் 1998-க்கு வருவோம். வாஜ்பாய் முன்னால் வைக்கப்பட்டதும் அதே தேங்காய். தமிழ்நாடு மட்டுமன்று, பீகாரில் ராப்ரி தேவியின் அரசைக் கலைக்க வேண்டும் என்றது சமதாக் கட்சி. மேற்கு வங்கத்தின் இடதுசாரி அரசின்மேல் நடவடிக்கை வேண்டும் என்று திரிணாமுல் காங்கிரஸ் குரல் எழுப்பிற்று. மூன்று தோழர்கள், மூன்று மாநிலங்கள்! ஊரான் வீட்டு நெய்யே என்று ஆளாளுக்குக் கை நீட்டினால் பிரதமர்தான் என்ன செய்வார்?

தமிழ்நாட்டைப் பொறுத்தவரை அவர் கொடுக்கவில்லை. ஜஸ்வந்த் சிங்கும் ஜார்ஜ் பெர்னாண்டஸும் சமாதானத் தூதர்களாகச் சென்னைக்கு வந்து போனார்கள். மந்திரி சபையில் சேடபட்டி முத்தையா வழக்கின் காரணமாக விலக, வழக்குள்ள மற்றவர்களும் விலக வேண்டும் என்ற குரல் எழ, பூட்டா சிங்கும் விலகினார். காவிரிக்குப் பிரதமர் தலைமையிலேயே ஓர் ஆணையம் அமைந்தது. அது பல்லில்லாத ஆணையம் என்று அ.தி.மு.க. சாடிற்று. இப்படி மாதத்துக்கொரு புயல் வீசியும், கலைப்பு மட்டும் நடக்கவில்லை.

இதற்காக வாஜ்பாயை உச்சியில் தூக்கி வைத்துக் கூத்தாட நான் ஆயத்தமாக இல்லை. அதே வாஜ்பாய் அரசுதான் பீகாரைக் கலைக்க 1998 செப்டம்பரில் பரிந்துரைத்தது. குடியரசுத் தலைவர் நாராயணன் அதை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பினார். 1999 பிப்ரவரியில், ஜெகானாபாத் பகுதியில் தாழ்த்தப்பட்ட மக்கள் கூட்டமாகக் கொல்லப்பட்ட கொடுமையைக் காரணங்காட்டி, கலைப்பை நடத்தியும் விட்டார்கள். அந்தக் கொடுமை மெய். ஆனால் கலைக்க வேண்டும் என்ற கோரிக்கை அந்தக் கொடுமைக்கு முன்பே பிறந்தது என்பதும் மெய். மக்களவை ஒப்பியும், மாநிலங்களவையில் போதிய பலமில்லை. காங்கிரஸ் எதிர்ப்பதாக அறிவித்தது. மார்ச் மாதமே கலைப்பைத் திரும்பப் பெற்றார்கள். ராப்ரி தேவி மீண்டும் நாற்காலியில் அமர்ந்தார்.

ஆக, 1991-இல் உடைந்த காய் 1998-இல் உடையாததற்கு வாஜ்பாயின் பெருந்தன்மை ஒரு காரணம் என்றால், அவரைச் சுற்றி எழுந்துவிட்ட வேலிகள் இன்னொரு காரணம். அவற்றுள் முதலாவது, 1994 மார்ச் 11-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கூடி எஸ்.ஆர். பொம்மை வழக்கில் அளித்த தீர்ப்பு. அரசுக்குப் பெரும்பான்மை இருக்கிறதா என்பதை ஆளுநர் மாளிகையில் எண்ணக் கூடாது, சட்டமன்றத்தில்தான் எண்ண வேண்டும். கலைப்பு ஆணையை நீதிமன்றம் ஆராயலாம். பாராளுமன்றத்தின் இரு அவைகளும் ஒப்பும்வரை சட்டமன்றத்தை அடியோடு கலைக்கலாகாது. தீர்ப்பு சொன்ன இச்செய்திகளை அரசியல் விஞ்ஞானம் படிக்கும் நண்பர்கள் என்னைவிட நன்றாக விளக்குவார்கள். நான் சொல்ல விரும்புவது இதுதான்: கடைக்குப் பூட்டு வந்த பிறகு, தேங்காய் எடுக்க நினைப்பவர் கையும் அடங்குகிறது. தலைவரின் நற்குணத்தை மட்டும் நம்பி ஒரு மாநிலம் வாழ முடியாது.

இதன்பின் நடந்தவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். 1998 டிசம்பர் 30-இல் கடற்படைத் தளபதி விஷ்ணு பகவத் பதவி நீக்கப்பட்டார். அவரை மீண்டும் அமர்த்த வேண்டும், கூட்டுக்குழு விசாரணை வேண்டும், பெர்னாண்டஸிடமிருந்து பாதுகாப்பு இலாகாவை எடுக்க வேண்டும் என்று அ.தி.மு.க. கேட்டது. மார்ச் இறுதியில் சுப்பிரமணியம் சுவாமி டில்லியில் அளித்த தேநீர் விருந்தில் ஜெயலலிதாவும் சோனியா காந்தியும் ஒரே இடத்தில் அமர்ந்து தேநீர் அருந்தினார்கள். இந்திய அரசியலில் அத்தனை விலை உயர்ந்த தேநீர் அதற்கு முன் பரிமாறப்பட்டிருக்காது. தம்பிதுரையும் கடம்பூர் ஜனார்த்தனமும் மந்திரிப் பதவியைத் துறந்தனர். ஏப்ரல் 14-இல் ஆதரவு விலக்கப்பட்டது. ஏப்ரல் 17-இல் வாக்கெடுப்பு. ஆதரவு 269, எதிர்ப்பு 270.

ஒரே ஒரு வாக்கு! ஆய்வுக்கூடத்தில் ஐந்நூற்றுச் சொச்சத்தில் ஒன்று பிசகினால், சோதனைப் பிழை என்று எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். அங்கே அதற்கு ஆட்சியே கவிழ்ந்தது. ஒரிசாவின் முதல்வராகிவிட்ட பிறகும் மக்களவை உறுப்பினர் பதவியை விடாதிருந்த கிரிதர் கமாங் வந்து எதிர்த்து வாக்களித்தார். தேசிய மாநாட்டுக் கட்சியின் சைபுதீன் சோஸ், கட்சிக் கட்டளையை மீறி எதிர்த்தார். எந்த அரசைக் கலைக்கச் சொன்னார்களோ அந்த அரசின் கட்சியான தி.மு.க., வாஜ்பாய்க்கு ஆதரவாக வாக்களித்தது. அரசியலில் கொள்கை எங்கே இருக்கிறது என்று தேடுபவர்களுக்கு அந்த ஒரு நாள் நடவடிக்கைக் குறிப்பே போதும். ஆயுள் முழுக்க வைத்துப் படிக்கலாம்.

மாற்று அரசு அமைக்க முயன்ற காங்கிரசுக்கு முலாயம் சிங் கைகொடுக்க மறுத்தார். மக்களவை கலைந்தது. அவ்வாண்டு செப்டம்பர், அக்டோபரில் தேர்தல். பாரதீய ஜனதாவுக்கு மீண்டும் அதே 182 இடங்கள். ஆனால் இம்முறை கூட்டணி பெரிது. வாஜ்பாய் அக்டோபர் 13-இல் பதவியேற்று, 2004 மே வரை பிரதமராக இருந்தார். கொடுத்தவர் முப்பத்தைந்து நாள்; கொடுக்காதவர் ஒரு வாக்கில் விழுந்தும் எழுந்து நான்கரை ஆண்டு. இதையே ஒரு விதி என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. கார்கில் போர் அந்தக் கோடையில்தான் நடந்தது. தேர்தலை அது எவ்வளவு சாய்த்தது என்று யார் அளந்தார்? இரண்டு அளவுகளை வைத்துக்கொண்டு நேர்க்கோடு வரையலாம். ஆனால் எந்த இரண்டு புள்ளிகளுக்கு இடையிலும் ஒரு நேர்க்கோடு கிடைத்துவிடும் என்பதை எங்கள் துறையில் முதலாண்டிலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள்.

மூன்றாவது புள்ளி ஒன்று உண்டு. 2001 ஜூன் 30 விடியுமுன் கலைஞர் கருணாநிதி கைது செய்யப்பட்டார். மத்திய மந்திரிகளாயிருந்த முரசொலி மாறனும் டி.ஆர். பாலுவும் கைதாயினர். இப்போது கோட்டையில் இருந்தது அ.தி.மு.க.; டில்லியில் தோழமைக் கட்சியாக இருந்தது தி.மு.க. வேடம் மாறிவிட்டது, நாடகம் அதேதான். கொதித்தெழுந்த தி.மு.க. தரப்பு டில்லியிடம் நடவடிக்கை கோரியது. ஆளுநர் பாத்திமா பீவியைத் திரும்ப அழைக்க மத்திய மந்திரி சபை முடிவெடுத்தது, அவர் விலகினார். மாநில அரசு கலைக்கப்படவில்லை. கேட்டவர் மாறியபோதும் விடை மாறவில்லை என்பதால்தான், 1998-இல் வாஜ்பாய் மறுத்ததை நான் வெறும் இயலாமை என்று ஒதுக்காமல் இருக்கிறேன். 1991-க்குப் பிறகு தமிழ்நாட்டில் எந்த அரசும் 356-ஆல் கலைக்கப்பட்டதில்லை.

அப்படியானால் அந்தப் பழமொழிக்கு வேலை முடிந்துவிட்டதா என்றால், இல்லை. தேங்காய்தான் மாறியிருக்கிறது. 2024 ஜூனில் பாரதீய ஜனதாவுக்கு 240 இடங்களே கிடைத்தன. பத்தாண்டுகள் தனிப் பெரும்பான்மையோடு ஆண்ட நரேந்திர மோடி, தெலுங்கு தேசத்தின் 16 உறுப்பினர்களையும் ஐக்கிய ஜனதா தளத்தின் 12 உறுப்பினர்களையும் சேர்த்தே மூன்றாம் முறை பதவியேற்றார். அடுத்த மாதம் வந்த நிதிநிலை அறிக்கையில் ஆந்திரத் தலைநகர் அமராவதிக்கு 15,000 கோடி ரூபாய்க்கு வழிசெய்யப்பட்டது. பீகாரின் சாலைகளுக்கு 26,000 கோடி. தங்கள் பெயரே அறிக்கையில் இல்லை என்று பிற மாநிலங்கள் குறைபட்டன. அந்தக் காரணத்துக்காகவே தமிழ்நாட்டு முதல்வர் மு.க. ஸ்டாலின் அம்மாதம் நடந்த நிதி ஆயோக் கூட்டத்துக்குப் போகவில்லை.

இது யார் தேங்காய்? மந்திரிப் பதவி பிரதமர் கையிலுள்ள பொருள். மாநில அரசு அந்த மாநில மக்களின் பொருள். வரிப்பணமோ எல்லாருடையதும். கடைக்காரனும் அதில் பங்காளி, வழிப்போக்கனும் பங்காளி. எனவே இதை 1991-இன் கலைப்போடு ஒரே தட்டில் வைத்து நிறுக்க மாட்டேன். அதிலும் அமராவதிக் கணக்கு சற்றுச் சிக்கலானது. ஆந்திரம் பிரிக்கப்பட்டபோது, புதிய தலைநகருக்கு மத்திய அரசு பண உதவி செய்யும் என்று 2014-ஆம் ஆண்டின் மறுசீரமைப்புச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. அது தோழமைக்குக் கொடுத்த பரிசு மட்டுமன்று, சட்டப்படி பட்ட கடனும்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் அந்தக் கடனில் ஒரு பகுதியே வந்தது. பெரிய தொகைக்கு வழி பிறக்கப் பத்தாண்டுகளும், டில்லிக்குத் தேவைப்பட்ட பதினாறு உறுப்பினர்களும் வேண்டியிருந்தன.